நுரையீரல் வேண்டாத மொழி

நாக்கின் பின்பகுதியை அண்ணத்தின் பின்புறத்தில் ஒட்டுங்கள். நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டுங்கள். இரண்டு ஒட்டுக்கும் நடுவில் இப்போது கொஞ்சம் காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. நாக்கின் நடுப்பகுதியைச் சற்றே கீழே இறக்கினால் அந்த இடம் பெரிதாகும், உள்ளே இருக்கும் காற்று மெலியும். இனி நுனியை எடுங்கள். வெளிக்காற்று உள்ளே பாய்ந்து 'ச்சு' என்று ஒரு சத்தம் வரும். துக்கம் விசாரிக்கப் போகிற இடத்தில் நாம் எல்லோரும் செய்வதுதான். செய்முறை தெரியாமலே செய்துகொண்டிருக்கிறோம். அரசு அலுவலகங்களில் பெரும்பாலான காரியங்களும் அப்படித்தான் நடக்கின்றன.

இதற்குச் சொடுக்கொலி என்று பெயர். எம்.ஏ. படிக்கும்போது ஒலியியல் தாளில் அரைப்பக்கம் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் சில மொழிகளில் நமக்குக் ககரம், சகரம் எப்படியோ அப்படி இவை சாதாரண மெய்யெழுத்துகள். புத்தகத்தில் பல்லில் பிறப்பதற்கு ஒரு நேர்கோடும், கடைவாயில் பிறப்பதற்கு இரட்டைக் கோடும், மேலண்ணத்தில் பிறப்பதற்கு ஆச்சரியக்குறியும் போட்டிருந்தார்கள். சொந்தமாக மொழி செய்துகொள்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் உலகில் உண்டு. தாங்கள் செய்த மொழி வேற்றூர் மொழி மாதிரி கேட்க வேண்டும் என்றால் அவர்கள் இரண்டு மூன்று சொடுக்கொலிகளைத் தூவிவிடுவார்கள், குழம்புக்குத் தாளிப்பது போல. நானும் ஒரு முறை ஒரு மொழி செய்தேன். அதில் தாளிப்பைத் தவிர வேறொன்றும் கிடையாது.

எண்பதுகளின் நடுப்பகுதி. விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் வேலை. காலையில் பாசஞ்சரில் போய் மாலையில் பாசஞ்சரில் திரும்புவேன். சீசன் டிக்கெட்காரர்களுக்கு வண்டியில் ஒரு பெட்டி, பெட்டியில் ஓர் இடம், இடத்தில் ஒரு சீட்டாட்டம். எங்கள் இடத்தில் நான்கு பேர். முழங்கால்கள் மேல் ஒரு துண்டை விரித்து இருபத்தெட்டு ஆடுவோம்; அதில் ஜாக்கிதான் பெரிய சீட்டு. இருவர் இருவராக ஜோடி. எதிர் ஜோடியில் ஒருவர் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், கிறிஸ்தவர், கெட்ட வார்த்தை காதில் விழுந்தால் கண்ணை மூடிக்கொள்வார். மற்றவர் வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டியில் கணக்குப்பிள்ளை, செஞ்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம், அவரால்தான் வாத்தியார் அடிக்கடி கண்ணை மூட வேண்டியிருந்தது.

என் ஜோடி என் அலுவலகத்திலேயே வேலை பார்த்தவர். மனு வாங்கும் கவுண்டரில் உதவியாளர். அலுவலகத்தில் நான் அவருக்கு மேலதிகாரி, வண்டியில் அவர் எனக்கு. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையின் பாகு வாடை ஜன்னலில் ஏறும்போது ஆட்டம் சூடு பிடித்திருக்கும். அவர் திட்டும் தொடங்கியிருக்கும்.

"ஜாக்கிய இன்னாத்துக்குப் பத்திரமா வச்சிக்கினு இருக்கீங்க? பொண்ணுக்குச் சீர் செய்யவா?"

"துருப்பு வெட்டச் சொன்னா கோப்புல கையெழுத்துப் போடற மாதிரி யோசிக்கிறீங்களே. இது வண்டிங்க, நாளைக்கு வாங்கன்னு சொல்ல முடியாது."

இதைக் கேட்கவே பக்கத்துப் பெட்டியிலிருந்து ஆட்கள் வந்து நிற்பார்கள். திண்டிவனத்தில் இறங்கி அலுவலகப் படி ஏறியதும் அதே வாய், "ஐயா, ஒரு கையெழுத்துங்க" என்று என் மேஜைக்கு முன்னால் குனிந்து நிற்கும். இரண்டையும் அவர் மனதாரத்தான் செய்தார்.

அவர் குடித்த பீடிகள் தொண்டையில் புற்றாக வந்தன. புதுச்சேரியில் அறுவை சிகிச்சை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. கழுத்தின் அடியில் ஒரு துளை. மூச்சு இனி அதன் வழியாகத்தான். நுரையீரலிலிருந்து ஒரு துளிக் காற்றுகூட வாய்க்கு வராது. கிசுகிசுக்கவும் வழியில்லை.

மருத்துவ விடுப்பு முடிந்து, கழுத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். வந்த அன்றே என் மேஜையில் ஒரு விண்ணப்பத்தை வைத்தார். விருப்ப ஓய்வு, விதிப்படி மூன்று மாத நோட்டீஸ். கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சிலேட் ஒன்று இருந்தது. ஏன் என்று கேட்டேன். 'கவுண்டரில் பேசாமல் எப்படி?' என்று எழுதினார். துடைத்துவிட்டு, 'எல்லாரும் பாவம் பார்க்கிறார்கள்' என்று எழுதினார்.

ஊழியர் கோப்புகளைப் பார்க்கும் பணியமைப்புப் பிரிவு என் கையில் இருந்தது. நோட்டீஸ் காலம் முடிவதற்குள் தகுந்த காரணம் காட்டி விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம், அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் அன்றைக்கு அக்கறை இல்லை. வேலையை விட்டால் அவர் என்ன செய்வார் என்பது எனக்குத் தெரிந்தது. விழுப்புரத்தில் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவருடைய பரிதாபத்தை வாங்கிக்கொண்டிருப்பார். எனக்கும் வேறு ஜோடி தேட வேண்டியிருக்கும். எனக்கு மூன்று மாதம் இருந்தது. அரசாங்கத்தில் அது நீண்ட காலமல்ல, ஆனால் போதும்.

காலை வண்டியில் அவர் எங்கள் பெட்டிக்கு வருவதை நிறுத்தியிருந்தார். கடைசிப் பெட்டியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு நாள் நானே போய்ப் பையைப் பிடுங்கி இழுத்து வந்தேன். ஆட்டம் தொடங்கியதும் சிக்கல். இருபத்தெட்டில் ஒவ்வொருவரும் தாங்கள் எடுக்கப்போகும் புள்ளியைக் கேள்வியாகக் கேட்க வேண்டும், பதினாலில் தொடங்கி மேலே. விரலால் காட்டலாம்தான், விரல்கள் சீட்டைப் பிடித்திருக்கின்றன. அவர் விரலைப் பிரிக்கும்போது ஆட்டின் ஆஸும் கிளாவர் ஜாக்கியும் எதிரிகளுக்குத் தரிசனம் கொடுத்தன. சிலேட்டில் எழுதினால் நின்றுகொண்டிருக்கிற அத்தனை பேரும் குனிந்து படித்தார்கள்.

அப்போதுதான் அந்த அரைப்பக்கம் நினைவுக்கு வந்தது. சொடுக்கொலிக்கு நுரையீரல் தேவையில்லை. குரல்வளை தேவையில்லை. வாய்க்குள் மாட்டிய காற்றும் நாக்கும் போதும். அவருக்கு இரண்டும் இருந்தன. வண்டிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி அது தெறிக்கவும் செய்யும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் வாய்க்குள் என்னென்ன கிடைக்கும் என்று இருவரும் கணக்கெடுத்தோம். நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டிக் கீழே அறைந்தால் குளம்புச் சத்தம். உதட்டை விரித்து வைத்தால் அது 'டக்', குவித்தால் 'டொக்', ஒன்றே இரண்டாகிவிட்டது. நாக்கின் ஓரத்தை மட்டும் கடைவாய்ப் பக்கம் விடுவித்தால் 'க்ளக்', மாடு ஓட்டுகிறவர்கள் போடுவது. உதட்டை மூடி உறிஞ்சித் திறந்தால் 'ப்ச்', நாய்க்குட்டியைக் கூப்பிடுவது. நாக்கைப் பட்டையாக ஒட்டி எடுப்பது இன்னொன்று. அது அவருக்கு வாயில் நிற்கவில்லை, விட்டுவிட்டோம். எல்லாவற்றிலும் எளிது பல்லில் பிறக்கும் 'ச்சு'. அதை 'ஆம்' என்பதற்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் சிலேட்டை எடுத்தார்.

'இது மட்டும் வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாய் இந்தச் சத்தத்தைத்தான் கேட்கிறேன்.'

ஒலிப்பட்டியலிலிருந்து அதை நீக்கினேன். உலகத்துச் செயற்கை மொழிகளில் ஓர் எழுத்து இந்தக் காரணத்துக்காக நீக்கப்பட்டிருக்குமா என்று தெரியவில்லை. நியாயமான காரணம்.

எண்கள் சுலபமாக அமைந்தன. 'டொக்' என்றால் ஐந்து, 'டக்' என்றால் ஒன்று, பதினாலுக்கு மேல் எத்தனை என்று மட்டும் சொன்னால் போதும். ஒரு டொக்கும் ஒரு டக்கும் இருபது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் கண்காணிப்பாளர். ஒரு மொழி என்றால் முறை வேண்டாமா? அலுவலகக் கடிதம் மாதிரி முதலில் பொருள், பிறகு பார்வை, கடைசியில் கோரிக்கை என்று வாக்கியத்துக்கு வரிசை அமைத்தேன். தேநீர் வேண்டும், வண்டி தாமதம், கையெழுத்து தேவை, நாளை விடுப்பு என்று ஒரு தொகுதி சொற்கள். 'ங்க' போட்டுப் பேசும் ஊர் என்பதால் மரியாதைக்கு வாக்கியத்தின் கடைசியில் ஓர் உதட்டுச் சொடுக்கு. எல்லாவற்றையும் தட்டச்சில் அடித்தேன், சொடுக்குகளுக்குச் சாய்கோடும் கூட்டல் குறியும் போட்டு.

மறுநாள் வண்டியில் கணக்குப்பிள்ளை ஆட்சேபித்தார்.

"இன்னா சார் இது? ரெண்டு பேரும் நாக்குலயே சேதி அனுப்பிக்கினு ஆடுவீங்க, நாங்க வாயப் பாத்துக்கினு இருக்கணுமா?"

"நகல் உங்களுக்கும் உண்டு" என்று கொடுத்தேன்.

"இதுல திருட்டுச் சத்தம் எதனா சேக்கலியே?"

"சேர்த்தால் திருத்த ஆணை வரும்."

அவர் நம்பிக்கையில்லாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வாத்தியார் ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிட்டார். ஆனால் மூன்றாம் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், ஒரு விஷயம். அவர் என்கிட்ட பேசறப்ப மரியாதை வேணாம்னு சொல்லிடுங்க."

"ஏன்?"

"ஒவ்வொரு தடவையும் ப்ச் குடுக்கிறாரு சார். எதிர் சீட்டுல பொம்பளைங்க பாக்கிறாங்க. ஒரு அம்மா எழுந்து வேற எடம் போயிட்டாங்க."

மரியாதை விகுதி வாபஸ் பெறப்பட்டது.

மொழி வேலை செய்தது. கேள்வி கேட்டார், துருப்பு எடுத்தார், தேநீர் சொன்னார். ஆனால் ஆட்டம் செத்துக் கிடந்தது. நால்வரும் கோவிலில் உட்கார்ந்திருப்பவர்கள் போல் ஆடினோம். அவர் தப்பான சீட்டைப் போட்டால் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் தப்பாகப் போட்டால் அவர் என்னை ஒரு கணம் பார்ப்பார், வாய் லேசாகத் திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நோட்டீஸ் காலம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம் என்ற விதியை அவரிடம் படித்துக் காட்டினேன். தலையை அசைத்து மறுத்தார். மொழியில் என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை. வரிசை சரி, எண்கள் சரி, நகல்கள் அனைவருக்கும் போயிருக்கின்றன.

புரியவைத்தவர் கணக்குப்பிள்ளை. பேரணியில் வண்டி சிக்னலுக்கு நின்றிருந்தது. நான் கேட்டு எடுத்த ஆட்டம், ஜெயிக்க வேண்டியது. என் ஜோடி, எதிரியின் ஒன்பது விழுந்திருந்த இடத்தில் துருப்பால் வெட்டாமல், கையில் இருந்த வேறு இனத்து ஜாக்கியைச் சும்மா தூக்கி அவர்கள் பக்கம் போட்டார். ஆட்டம் கையைவிட்டுப் போயிற்று. நான் மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். லாபம் அடைந்த கணக்குப்பிள்ளையால்தான் தாங்க முடியவில்லை.

"யோவ், இன்னா ஆட்டம் ஆடிக்கினு இருக்கே நீ? எதிராளி எனக்கே வயிறு எரியுது. தொண்டையத்தான எடுத்தாங்க, மூளையையும் சேத்தா எடுத்தாங்க?"

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். என் ஜோடியின் முகம் கழுத்துத் துணி வரை சிவந்தது. சிலேட் மேலே பையில் இருந்தது. வாயைத் திறந்தார். நான் கொடுத்த சொற்களில் ஒவ்வொன்றாகத் தேடுகிறார் என்பது முகத்தில் தெரிந்தது. தேநீர் வேண்டும். கையெழுத்து தேவை. நாளை விடுப்பு. ஒன்றும் உதவவில்லை. நான் ஒரு முழு மொழியைச் செய்து அதில் யாரையும் திட்ட இடம் வைக்காமல் விட்டிருந்தேன். கோப்புகளின் மொழியில் முப்பது ஆண்டு ஊறியவன்தான் அப்படி ஒரு மொழி செய்ய முடியும். அதில் 'வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது' என்பதற்கு மேல் சூடு கிடையாது.

அவர் சீட்டுகளைத் துண்டின் மேல் கவிழ்த்து வைத்தார். கணக்குப்பிள்ளையை நேராகப் பார்த்து, கடைவாயில் நாக்கை ஒட்டி, பெட்டி முழுவதும் கேட்கும்படி ஒரு 'க்ளக்' போட்டார். சேற்றில் படுத்துக்கொண்ட மாட்டுக்குப் போடுவது. இன்னொரு முறையும் போட்டார்.

கணக்குப்பிள்ளை சுற்றிலும் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"பாருங்கய்யா, என்னிய மாடுன்றாரு."

"மாட்டுக்குப் புரிஞ்சிடிச்சே" என்றது நடைவழியிலிருந்து ஒரு குரல்.

"இருய்யா, கேட்டுக்கிறேன். உழவு மாடா, வண்டி மாடா? எங்க ஊருல ரெண்டுக்கும் வேற வேற சத்தம். சரியா சொல்லு."

என் ஜோடி உதட்டைக் குவித்து அதே ஒலியை இன்னும் தாழ்வாகப் போட்டார். அது எருமை என்று நடைவழிக் குரல் சொன்னது. இல்லை, செக்கு மாடு என்றார் இன்னொருவர். சிக்னல் விழுந்து வண்டி நகர்ந்து மயிலம் வந்த பிறகும் அந்த வழக்கு முடியவில்லை. வாத்தியார் கண்ணைத் திறந்துவிட்டிருந்தார். என் ஜோடி சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். தோள்கள் மட்டும் குலுங்கின.

அதற்குப் பிறகு அந்த மொழி என் கட்டுப்பாட்டில் இல்லை. தினம் ஒரு புதுத் திட்டு வந்தது. வாத்தியார் தன் ஜோடியின் பின்னாலேயே ஆடினால் அவருக்கு நாய்க்குட்டிச் சத்தம். இப்போது எதிர் இருக்கைப் பெண்களும் சிரித்தார்கள். எனக்கென்று அவர் செய்தது கொஞ்சம் நீளமானது. நான் சீட்டைப் போடத் தாமதித்தால் டக் டக் டக் டக் என்று தட்டச்சுப் பொறி அடிப்பார். வரி முடிந்ததும் ஒரு டொக். பிறகு இடது கையால் இல்லாத உருளையைத் தள்ளிவிட்டு அடுத்த வரி. 'கண்காணிப்பாளர் குறிப்பு எழுதுகிறார்' என்று கணக்குப்பிள்ளை கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பார். என் இலக்கணத்தில் எண்கள் மட்டும் தப்பின. பொருள், பார்வை, கோரிக்கை மூன்றும் ஒழிந்தன. மொழியைச் செய்வது ஒருவருடைய வேலை, அதை வைத்துச் சண்டை போடுவது ஊருடைய வேலை என்று எடுத்துக்கொண்டேன்.

கவுண்டரிலும் மாற்றம் தெரிந்தது. அதுவரை மனு கொண்டுவருகிறவர்கள் முன்னால் சிலேட்டை நீட்டிக்கொண்டிருந்தார். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. இப்போது மனுவை வாங்கி முத்திரை குத்தி ஒரு டொக். சேர்ந்துவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது. தாளில் விட்டுப்போன இடத்தில் விரலை வைத்து ஒரு டக். போகாமல் நின்று கதை பேசுகிறவருக்கு ஒரு க்ளக்; வரிசை தானாக நகர்ந்தது.

நோட்டீஸ் முடிய இருந்த வாரம் அவர் என் மேஜைக்கு வந்தார். இரண்டு வரியில் ஒரு தாள். விருப்ப ஓய்வு விண்ணப்பத்தைச் சொந்தக் காரணங்களால் திரும்பப் பெறுகிறேன்.

"சொந்தக் காரணம் போதாது. தகுந்த காரணம் வேண்டும்" என்றேன்.

அவர் தாளைத் திரும்ப வாங்கினார். பிறகு குனிந்து, 'பணியைத் தொடர்ந்து செய்ய இயலும் என்று நடைமுறையில் உறுதியாகியுள்ளதால்' என்று சேர்த்தார். நானே எழுதியிருந்தாலும் அவ்வளவு நன்றாக வந்திருக்காது.

தாளை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். இளைஞர், நல்லவர், இரக்கம் அதிகம். அதுதான் எனக்குப் பயம்.

"பாவங்க, அவர எதுக்குக் கஷ்டப்படுத்தணும்? பென்ஷன வாங்கிக்கினு வீட்டுல நிம்மதியா இருக்கட்டுமே."

"நிம்மதி வேண்டாம்னு அவரே எழுதிக் குடுத்திருக்காருங்க ஐயா."

"கவுண்டர்ல பேசணுமே. ரெக்கார்டு ரூமுக்கு மாத்திடலாமா?"

"அந்த இடத்துக்குப் பேச்சு ஒரு தகுதின்னு பணி விதியில இல்லைங்க. மாத்தினா காரணம் எழுதணும். என்ன எழுதறதுன்னு ஐயா சொன்னா எழுதிடறேன்."

அவர் பேனாவை எடுத்து மறுபடி கீழே வைத்தார். "பொதுமக்கள் புகார் குடுத்தா?"

கதவுக்கு வெளியே ஓமந்தூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மனு கொடுத்துவிட்டு வேட்டி மடிப்பில் ரசீதைச் செருகிக்கொண்டிருந்தார். அதிகாரி அவரை உள்ளே கூப்பிட்டு, கவுண்டரில் சிரமம் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. அந்தாளு கத்தலீங்க, அதுவே போதுங்க."

பெரியவர் போன பிறகு நான் சொன்னேன். "இந்த ஆபீஸ்ல பேசறவங்க மேல வந்த புகார் ஒரு கட்டு இருக்குங்க ஐயா, பீரோவுல. பேசாதவர் மேல இதுவரைக்கும் ஒண்ணும் வரல. கட்டக் கொண்டாரட்டுமா?"

வேண்டாம் என்று கையைக் காட்டினார். 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மையை ஊதிக்கொண்டே ஆணையை எடுத்துவந்து கவுண்டரில் அவர் முன்னால் வைத்தேன். இரண்டு முறை படித்தார். நகலில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பின்னால் வரிசை காத்திருந்தது. அடுத்த மனுவுக்குக் கையை நீட்டினார்.

அன்று மாலை வண்டியில் நாங்கள் மூன்று ஆட்டமும் தோற்றோம். தவறு யாருடையது என்பதை மயிலம் தாண்டியதிலிருந்து விழுப்புரம் வரைக்கும் அவர் எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். மொழிபெயர்க்க வேண்டாம் என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டேன். அவர் கேட்கவில்லை.